சாமைச் சோறும் கலோரிக் கணக்கும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு மலைப்பாதைகள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட பாதையை எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமாகச் சுற்றிக் குப்பனூர் வழியே ஏறுவது. மழைக்காலத்தில் முதற்பாதையில் மண் சரிந்துவிட்டால் வண்டிகள் குப்பனூரைத் தேடி வரும். மற்ற நாட்களில் பயணிகள் அதிகம் கவனிக்காத ஊர் அது. ஆனால் உணவின் வரலாற்றைப் பார்ப்பவர்களுக்கு இந்த அடிவாரம் முக்கியமானது. கீழே, பாசனம் உள்ள இடத்தில் நெல்லும் இல்லாத இடத்தில் கேழ்வரகும் சோளமும் கம்பும் விளைந்தன. மேலே சேர்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைந்தன. இரண்டு உணவுமுறைகள் சந்திக்கும் எல்லைக்கோடு இந்த அடிவாரம்.

உடல் எடையைக் குறைக்க வேண்டும், ஆனால் வயிறு நிறையவும் வேண்டும், அதை வீட்டிலேயே சமைக்க வேண்டும். நம் காலத்து நகரக் குடும்பங்கள் பலவற்றில் இது அன்றாடக் கவலையாகிவிட்டது. இதற்கு விடையாக இப்போது பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் அந்த மலைவாசிகளின் தானியம்தான். சாமை சாப்பிட்டால் இளைக்கலாம் என்று அட்டைப்பெட்டியே சொல்கிறது. குறைந்த தானியத்தில் வயிற்றை நிறைக்கும் கலை எங்கிருந்து வந்தது, அதை அளக்க நாம் கையில் எடுத்துக்கொண்டிருக்கும் கலோரி என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்தப் பரிந்துரையில் எது உண்மை, எது விளம்பரம் என்பது தெளிவாகும்.

முதலில் கலையைப் பார்ப்போம். சேர்வராயன் மலையின் மக்கள் மலையாளிகள் எனப்படுபவர்கள். கேரளத்தோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பதும், அந்த உடன்பிறந்தார் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் பிரிந்து குடியேறினர் என்பதும் அவர்களுடைய தொன்மம். சரிவான மானாவாரி நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, இவற்றோடு அவரை, மொச்சை, தட்டைப்பயறு என்று விதைத்தார்கள். தானியமும் பயறும் சேர்ந்த இந்தக் கூட்டு மிகப் பழையது. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் உணவு என்று எண்ணுபவை நான்கே நான்கு. அவற்றில் இரண்டு தானியம், இரண்டு பயறு. நெல் அந்தப் பட்டியலில் இல்லை.

சாமை மிகச் சிறிய மணி. உமியை நீக்குவது கடினம். உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்த வேண்டும். இவ்வளவும் பெண்களின் வேலை. இப்படி உழைத்துப் பெற்ற அரிசியை வீணாக்க முடியாது. ஆகவே சமையலின் நோக்கமே கையளவு தானியத்தைப் பானையளவாக்குவதாக இருந்தது. நீர் நிறையச் சேர்த்துக் குழைய வேகவைத்தார்கள், களியாகக் கிண்டினார்கள், கூழாகக் காய்ச்சிப் புளிக்கவைத்தார்கள். காட்டிலும் மேட்டிலும் கிடைத்த கீரையைக் கடைந்தார்கள், பயறை வேகவைத்தார்கள். எண்ணெய் என்பது அருமையாகக் கையாள வேண்டிய பண்டம். சோறு குறைவு, குழம்பும் கீரையும் அதிகம், நீர் அதைவிட அதிகம். இன்றைய உணவியலாளர் எழுதித் தரும் பட்டியலும் ஏறத்தாழ இதுதான். ஆனால் அன்று யாரும் இளைப்பதற்காக இப்படிச் சமைக்கவில்லை. அடுத்த அறுவடைவரை தானியம் எட்ட வேண்டும் என்பதற்காகச் சமைத்தார்கள்.

எட்டாமல் போன காலமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேலிருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. செத்தவர்கள் போக ஊரைவிட்டுச் சென்றவர்களும் இந்தக் குறைவில் அடங்குவார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் தூதராக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு வந்தார். அரசின் செலவு கூடிப்போகிறது என்பது அவருடைய கவலை. நிவாரண வேலைகளில் கல் உடைத்தும் மண் சுமந்தும் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்குக் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். வரலாற்றில் இது டெம்பிள் கூலி என்ற பெயரால் நிலைத்துவிட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இந்த அளவு போதாது என்பதோடு, தானியம் மட்டும் கொடுத்தால் தசை கரையும், பயறும் வேண்டும் என்றும் வாதிட்டார். அவ்வாண்டின் நடுவில் சென்னை அரசு அளவை உயர்த்தியது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியாகக் கணக்கிட்டால் சுமார் 1600 கலோரி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம்.

டெம்பிளும் கார்னிஷும் சண்டையிட்டபோது உணவைக் கலோரியில் அளக்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை. அதை நிலைநிறுத்தியவர் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். 1890களில் மனிதனையே ஓர் அறைக்குள் இருத்தி, அவன் உடல் வெளிவிடும் வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 என்று நாம் இன்றும் சொல்லும் கணக்கு அவருடைய ஆய்வுகளிலிருந்து வந்தது. அவருடைய நோக்கம் இளைப்பது அன்று. தொழிலாளியின் குடும்பம் குறைந்த காசில் அதிகச் சத்தைப் பெறுவது எப்படி என்பதே அவருடைய கேள்வி.

1918ஆம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு திருப்பம். அந்த ஆண்டில் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர், கலோரியை எண்ணி உண்டு எடையைக் குறைப்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது பெருவாரியாக விற்றது. நாளொன்றுக்கு 1200 கலோரி என்பது அவர் வகுத்த வரம்பு. அதே ஆண்டில்தான் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியர் வெளிவந்தது. நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கியதும் 1918இல்தான். பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த அமைப்பின் தொடக்கம் அந்த ஓர் அறை.

1920களில் மெக்கரிசன் செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கிய உணவு எலிகள் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை மையமாகக் கொண்ட மதராஸ் உணவு எலிகள் கடைசியில் நின்றன. எந்த அளவுகோலால் முதலிடம் என்று கேட்டால், எடையால். கனத்த எலியே நல்ல உணவு உண்ட எலி. பட்டினியே பெருநோயாக இருந்த நாட்டில் நல்லுணவின் அடையாளம் எடை கூடுவதாகத்தான் இருக்க முடியும். மெக்கரிசனுக்குப் பின் வந்த ஐக்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டில் இட்லிக்கு இத்தனை, தோசைக்கு இத்தனை என்று எண்ணும் கணக்குகளுக்கு மூதாதை அந்தக் குன்னூர் அட்டவணை. போதாதவர்களுக்காகப் போடப்பட்ட கணக்கு, மிஞ்சியவர்களின் கைக்கு வந்துவிட்டது.

இதற்கிடையில் சேர்வராயன் மலையின் பானையும் மாறியது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் விரிந்தபோது மலைவாசிகள் பலர் கூலிக்காரர்களானார்கள். 1940களில், போரினால் கடல்வழி இறக்குமதி தடைப்பட்டபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் எழுந்தது. சமவெளியிலும் கொல்லிமலை போன்ற மலைகளிலும் பழைய தானிய நிலங்களில் மரவள்ளி ஏறியது. நார்ச்சத்தை முற்றிலும் நீக்கிய வெறும் மாவுச்சத்தே ஜவ்வரிசி என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். பிறகு நியாயவிலைக் கடை அரிசி வந்தது. தமிழகத்தில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் அது கிடைத்தது. இதை எளிதில் பழித்துவிடக் கூடாது. தாது வருடத்தின் நினைவுள்ள ஒரு மண்ணில், அடுப்பு அணையாது என்ற உறுதியை அந்த அரிசி தந்தது. சாமை குத்தும் பெண்களின் தோளுக்கும் ஓய்வு தந்தது. ஆனால் வயிறு நிறையும் முறை மாறிவிட்டது. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள்.

இப்போது அட்டைப்பெட்டியின் வாக்குறுதிக்கு வருவோம். 2017இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையில் சமைக்காத நூறு கிராமுக்கு அரிசி சுமார் 356 கலோரி, சாமை 346, கேழ்வரகு 321. அரிசிக்கும் சாமைக்கும் வேறுபாடு வெறும் பத்து. ஆகவே தட்டு நிறைய அரிசிச் சோறு உண்டவர் அதே தட்டு நிறையச் சாமைச் சோறு உண்டால் இளைக்கப் போவதில்லை. உண்மையான வேறுபாடு நார்ச்சத்தில் இருக்கிறது. அரிசியில் நூறு கிராமுக்கு மூன்று கிராமுக்கும் குறைவு, கேழ்வரகில் பதினொன்று. கேழ்வரகை உமியும் தவிடுமாகப் பிரித்து நீக்காமல் முழுதாக அரைப்பதே இதற்குக் காரணம். வெள்ளையாகத் தீட்டிப் பொட்டலத்தில் வரும் சாமை தன் தவிட்டையும் அந்த நன்மையையும் ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிறது. 2025இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பெரிய ஆய்வொன்றும் இதையே வேறு விதமாகச் சொன்னது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றி உண்பதால் நீரிழிவின் ஆபத்து குறையவில்லை. அந்த இடத்தில் பருப்பும் பாலும் முட்டையும் வரும்போதுதான் குறைந்தது.

அப்படியானால் மலையிலிருந்து நாம் பெற வேண்டியது தானியத்தை மட்டுமன்று, பானையையும்தான். 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் ஒரே பண்டங்களைப் பெண்களுக்கு மூன்று வகையாக உண்ணக் கொடுத்தனர். கெட்டியாக ஒரு முறை, கெட்டியானதோடு ஒரு குவளை நீருமாக ஒரு முறை, அதே நீரை உள்ளே சேர்த்துக் கஞ்சிபோலக் காய்ச்சி ஒரு முறை. கஞ்சியாகக் குடித்தவர்கள் அடுத்து வந்த உணவைக் குறைவாக உண்டார்கள். தனியே குடித்த நீருக்கு அந்த ஆற்றல் இல்லை. கூழ் காய்ச்சிய கைகளுக்கு இது செய்தியே அன்று.

கணக்காகவே சொல்லலாம். ஒருவருக்குச் சாமை 60 கிராம், மூன்று பங்கு நீரில் குழைய வெந்தது. தட்டைப்பயறு 30 கிராம், ஊறவைத்து வேகவைத்தது. ஏதேனும் ஒரு கீரை 150 கிராம், பூண்டும் மிளகாயும் சேர்த்துக் கடைந்தது. தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய். கடைசியில் நீர்மோர். தட்டில் அரைக் கிலோவுக்கு மேல் உணவு இருக்கும். மொத்தம் 400 கலோரியைச் சற்றே தாண்டும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் மட்டுமே ஏறத்தாழ அதே அளவு கலோரி. வாணலியில் ஊற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் போவது அதுதான்.

நினைவில் வைத்த எண்ணுக்குத் திரும்புவோம். டெம்பிள் கொடுத்த தானியம் 1600 கலோரி, பீட்டர்ஸ் பரிந்துரைத்தது 1200. எண்ணாகப் பார்த்தால் பஞ்சக் கூலி எடைகுறைப்புப் பட்டியலைவிடத் தாராளமானது. அந்தக் கூலியை உண்டவர் நாள் முழுதும் கல் உடைத்தார். கடும் உழைப்பாளியான ஆணுக்கு 3470 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. அமர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1660. கலோரி என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. யாருடைய உடல், என்ன உழைப்பு, குறைப்பது யாருடைய முடிவு என்பவற்றோடு சேர்த்துத்தான் அதை வாசிக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சமைத்துவிட்டுத் தன் தட்டை மட்டும் 1200இல் நிறுத்திக்கொள்ளும் பெண்ணுக்குக் கார்னிஷின் எச்சரிக்கை இன்றும் பொருந்தும். தானியத்தைக் குறைக்கலாம், பயறைக் குறைக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் மிச்சமிருக்கிறது. ஏழையின் சோறென்று இகழப்பட்ட சாமை இன்று நகரக் கடைகளில் அரிசியைவிட விலை கூடியது. அதை விளைவித்த மலைகளில் பல வீடுகளில் கொதிப்பது நியாயவிலைக் கடை அரிசி. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது ஒரு நல்ல அடி. கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சாமை அரைக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுசென்றது அதைவிட முந்தைய அடி. உலக்கையைத் திரும்பவும் பெண்கள் கையில் கொடுக்காமல் தானியத்தை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது. குப்பனூர்ப் பாதையில் மேலிருந்து இறங்கிவரும் சாமை நம்மை இளைக்கச் செய்தால் நல்லதுதான். அதை விதைத்தவர் வீட்டுப் பானையிலும் அது கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.