தடைக்குப் பின் மீண்ட சாரணியம்: புத்தளம் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாக்குறுதி ஏற்கும் சாரண மாணவர்கள், 1912இல் மாத்தளையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் தொடங்கிய இலங்கைச் சாரணியத்தின் வழிவந்தவர்கள் ஆவர். பிரித்தானியத் தளபதி பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனைப் பாசறையிலிருந்து வளர்ந்த இவ்வியக்கம், சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, அவர்களுள் ஒருவரையே அணித்தலைவராக்கி, வெட்டவெளி வாழ்வின் மூலம் பொறுப்புணர்வைப் பழக்குவதாகும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வந்த இம்முறையைச் சுதந்திர இலங்கை கைவிடவில்லை. 1957இல் நாடாளுமன்றச் சட்டமொன்றின் வழியாக அதன் அமைப்புக்குச் சட்டத் தகுதியும் வழங்கப்பட்டது.

இலங்கைச் சாரணியத்துக்குக் கிடைத்த இந்தத் தொடர்ச்சி, பொதுவுடைமைக் கட்சிகள் ஆண்ட நாடுகளில் வாய்க்கவில்லை. ரஷ்யாவில் 1909இல் ஒலெக் பந்த்யூகொவ் தொடங்கிய சாரணியம் 1920களில் ஒடுக்கப்பட்டது. 1922இல் உருவான பயனியர் என்னும் சிறுவர் அமைப்பு, சாரணரின் கழுத்துத் துண்டைச் சிவப்பாக்கியும், ஆயத்தமாயிரு என்னும் அவர்களது முழக்கத்தைச் சற்றே மாற்றியும் எடுத்துக்கொண்டது. சாரணியத்தின் வடிவம் ஆட்சியாளர்களுக்கு ஏற்புடையதாகவே இருந்தது என்பதை இது காட்டுகிறது. கட்சிக்குப் புறம்பான ஒரு வாக்குறுதியையும், நாட்டு எல்லையைக் கடந்த உறவையும், சிறுவர் தம்மைத் தாமே நடத்திக்கொள்ளும் பழக்கத்தையுமே அவர்கள் ஏற்க மறுத்தனர்.

தடையும் மீட்சியும் மாறிமாறி வந்த நாடு செக்கோஸ்லோவாக்கியா. உடற்பயிற்சி ஆசிரியரான அன்டொனின் பெஞ்ஜமின் ஸ்வொய்சிக், இங்கிலாந்தில் சாரணியத்தைக் கண்டு திரும்பி, 1912இல் தம் மாணவர்களுடன் முதற்பாசறை நடத்தினார். அவர் நிறுவிய யூனாக் என்னும் இயக்கத்தை 1940இல் நாஜிகள் தடைசெய்தனர். 1945இல் அது மீண்டெழுந்தபோதும், 1948இல் ஆட்சியைக் கைப்பற்றிய பொதுவுடைமைக் கட்சி அதைத் தன் இளைஞர் அமைப்புக்குள் கரைத்ததோடு, தலைவர்கள் பலரைச் சிறையிலும் அடைத்தது. 1968இன் அரசியல் தளர்வில் மீண்ட இயக்கம் 1970இல் மறுபடியும் கலைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நீடித்த அந்த இடைவேளையே பின்னாளில் பெரும்பயன் தந்தது. அப்போது பயிற்சி பெற்ற சிறுவர்களுட் சிலர் நடைப்பயணக் குழுக்கள் என்னும் பெயரில் பாசறைகளைத் தொடர்ந்தனர். 1989 டிசம்பரில் யூனாக் மூன்றாம் முறை உயிர்பெற்றபோது, முப்பதுகளில் இருந்த அத்தலைமுறையினரும் எஞ்சியிருந்த முதியோரும் இணைந்து குழுக்களை நடத்த முடிந்தது.

ஹங்கேரியின் நிலையும் இதற்கு அருகிலேயே இருந்தது. 1933இல் கொடொல்லோவில் உலக ஜம்போரி என்னும் பன்னாட்டுச் சாரணர் பெருமுகாமை நடத்திய அந்நாட்டில் இயக்கம் 1948இல் கலைக்கப்பட்டு, நாற்பதாண்டுகளுக்குப் பின் முன்னாள் சாரணராலும், புலம்பெயர்ந்து அம்மரபைக் காத்தவர்களாலும் மீட்கப்பட்டது. ரஷ்யாவிலோ தடை ஒரு மனித வாழ்நாளளவு நீண்டதால், 1990இல் மீட்புப்பணியைத் தொடங்கியோர் உள்நாட்டு நினைவைவிட வெளிநாட்டு ரஷ்யச் சாரணரின் உதவியையே பெரிதும் நாட வேண்டியிருந்தது. ஆகவே மீட்சியின் வலிமை, பயிற்சி பெற்றோர் உயிரோடிருக்கும் காலத்துக்குள் தடை நீங்கியதா என்பதையே பெரிதும் சார்ந்திருந்தது.

புத்தளம் கரைக்கு இவ்வரலாறு அயலானதன்று. செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் சாரணியம் மீண்டெழுந்த மறு ஆண்டு, அதாவது 1990 அக்டோபரில், வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் இக்கரையிலேயே தஞ்சமடைந்தனர். அவர்களது பிள்ளைகளின் கல்வி முகாம்களில் மீண்டும் தொடங்கியபோது, தாமும் இடம்பெயர்ந்த ஆசிரியர்களே அதைத் தாங்கினர். சாரணியத்துக்கும் இது பொருந்தும். அதன் கொடியும் சீருடையும் எளிதில் மீண்டும் தைக்கப்படக்கூடியவை. முடிச்சிடவும் முகாமிடவும் அணியை நடத்தவும் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவரை உருவாக்கவோ ஒரு தலைமுறைக் காலம் தேவைப்படுகிறது. ஆதலால் இக்கரையின் பள்ளிகள் தம் மூத்த சாரணர்களைச் சாரணத் தலைவர்களாகப் பயிற்றுவிப்பதே அம்மரபுக்குச் செய்யத்தக்க முதற்பணியாகும்.