‘ஏ அப்’ என்றாலும் வணக்கம்தான்

மகன் வேலை பார்த்த லீட்ஸ் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அலுவலகத்தில் காலமெல்லாம் ஆங்கிலத்திலேயே கோப்பு எழுதிய எனக்கு, அந்த யார்க்‌ஷயர் தெருவில் கேட்ட ஆங்கிலம் புது மொழியாக இருந்தது.

எதிரில் வருபவர் “ஏ அப்” என்பார். அது வணக்கம். இன்னொருவர் “நௌ தென்” என்பார். அதுவும் வணக்கமே. “ஆல்ரைட்?” என்று கேட்டால் நம் “சாப்பிட்டாச்சா?” மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு “ஆல்ரைட்” போதும். மூட்டுவலியை விவரிக்க வேண்டியதில்லை. கடைக்காரப் பெண்மணி வாய் நிறைய “லவ்” என்பார், நம் ஊரில் “கண்ணு” என்பதுபோல. தெற்கே டார்பி, நாட்டிங்ஹாம் பக்கம் போனால் “மி டக்”, அதாவது “என் வாத்தே”! ஆண்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். இந்த வட்டாரங்களில் பழைய ஆட்கள் மதியச் சாப்பாட்டைத்தான் ‘டின்னர்’ என்பார்கள். “டீக்கு வாங்க” என்றால் மாலைச் சாப்பாடே உண்டு.

இதெல்லாம் கொச்சை என்று பள்ளிகளில் பிள்ளைகளைத் திருத்திய காலம் உண்டு. உண்மையில் இவற்றில் பல, பாடப்புத்தக ஆங்கிலம் தொலைத்துவிட்ட பழஞ்சொற்கள். நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஆங்கிலத்திலும் இருந்தது. அந்த ‘நீ’தான் யார்க்‌ஷயரில் ‘தா’ என்று தங்கிவிட்டது. பெரியவர்களை ‘தா’ போட்டால் அங்கேயும் கோபம் வரும். விளையாடுவதற்கு ‘லேக்’ என்பார்கள். 866இல் யார்க் நகரைப் பிடித்து, பிறகு அங்கேயே குடியேறிய வைக்கிங்குகளின் மொழி அது.

இந்தச் சொற்களுக்கு மரியாதை தேடித் தந்தவர் அதே மண்ணின் ஏழைப் பிள்ளை. 1855இல் பிறந்த ஜோசப் ரைட், சிறு வயதிலேயே கல் குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். பிறகு ஆலை வேலை. பதினைந்து வயதுவரை செய்தித்தாள் படிக்கத் தெரியாது. இரவுப் பள்ளியில் படித்து, ஜெர்மனி சென்று முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். தன் ஊர்ப் பேச்சுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார்.

அடுத்து 1950 முதல் 1961 வரை, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 313 இடங்களில் கள ஆய்வு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளோடு அவர்கள் தேடிப் போனது படித்தவர்களை அல்ல. ஊரை விட்டு அதிகம் நகராத, பெரும்பாலும் அறுபது தாண்டிய விவசாயிகளைத்தான். பழஞ்சொல் அவர்களோடு போய்விடுமே என்ற அவசரம். சிலர் பேச்சை ஒலிநாடாவிலும் பிடித்து வைத்தார்கள்.

அந்தப் பெரியவர்கள் இன்று இல்லை. பள்ளியில் கொச்சை என்று ஒதுக்கிய அவர்கள் பேச்சைப் பல்கலைக்கழகம் பத்திரமாக வைத்திருக்கிறது.