எட்டத்து இலக்கும் கிட்டத்துக் கையும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 20:18-42



பாவம் என்பதற்கு வேதத்தின் மூலமொழிகளில் வழங்கும் சொற்களின் அடிப்பொருள் குறி தவறுதல் என்று பிரசங்கபீடத்திலிருந்து பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னது பிழையன்று. நியாயாதிபதிகள் 20:16-இல் பென்யமீன் கோத்திரத்து இடதுகை வீரர் 700 பேரைப் பற்றி வாசிக்கிறோம். முடியளவும் பிசகாமல் கவண்கல் எறிய வல்லவர்கள் அவர்கள். அங்கே பிசகுதலைக் குறிக்கும் எபிரெய வினைச்சொல்லே மற்ற இடங்களில் பாவஞ்செய்தலையும் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஹோமரின் காவியத்தில், எறிந்த ஈட்டி இலக்கைத் தப்புவதற்கு வழங்கியதுதான். ஆயினும் வில்லைக் கையில் எடுத்த மனிதன் எப்படிக் குறி தவறுகிறான் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. விசாரித்தபோது என் பழைய பிரசங்கத்தில் ஒரு குறை தெரிந்தது.

வில்லைத் தேட நாம் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. ஆரணி அடங்கிய இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு "செங்கம் நடுகற்கள்" என்னும் நூலை வெளியிட்டது. ஆநிரையைக் கவர வந்தவரோடும், கவர்ந்த நிரையை மீட்கவும் போரிட்டு மாண்டவர்கள் பலருக்கு எடுத்த கற்கள் அவை. அவற்றில் வீரர் பலர் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறார்கள். வில்லோடு வாளையும் ஏந்தியவன் எதிரிக்கு எவ்வளவு அருகில் நின்றிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். காட்டில் வேட்டையாடப் பிறந்த வில் நெடுந்தூரத்துக்கு உரியதன்று. அதை ஏந்துகிறவனின் திறமையில் பெரும்பங்கு எய்வதில் இல்லை, ஓசையின்றி நெருங்குவதில் இருக்கிறது.

உலகின் மறுகோடியிலும் இதுவே கதை. 1911-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தன் குலத்தார் யாவரையும் இழந்து தனியனாய் எஞ்சிய இஷி என்னும் யாஹி பழங்குடியினர் ஊருக்குள் வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். பத்து இருபது கெஜத்துக்குள் சிறு பொருளையும் அடிக்கும் இஷி, மைதானத்தில் நட்ட தொலைதூர இலக்குகளுக்கு முன்னே மற்றவர்களுக்குப் பின்தங்கினார். அதில் அவருக்கு நாட்டமும் இல்லை. விரல்களை உதட்டில் வைத்து முயல்குட்டியைப் போல் கீச்சிட்டு, விலங்கைத் தம்மிடம் வரவழைப்பதே அவருக்குத் தெரிந்த வழி. 1916-இல் காசநோயால் இறந்தார்.

அப்படியானால் வேட்டை வில்லோடு எட்டத்து இலக்கை அடிக்க என்ன செய்யவேண்டும்? வில்லை இன்னும் பலமாக இழுப்பதே விடை என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் ஓர் அம்பு செல்வதாகக் கொண்டு, காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 20 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்கிறது. 40 மீட்டரில் ஏறக்குறைய நான்கு மீட்டர். தூரம் இருமடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகிறது. பக்கவாட்டுப் பிசகும் அப்படித்தான் கண்ணுக்குத் தப்பி வளர்கிறது. எய்யும் கையில் ஒரே ஒரு பாகை விலகல் இருந்தால் 20 மீட்டரில் 35 சென்டிமீட்டர் விலகும். 70 மீட்டரில் 122 சென்டிமீட்டர். ஒலிம்பிக்கில் 70 மீட்டரில் வைக்கப்படும் இலக்கின் முழு அகலமே 122 சென்டிமீட்டர்தான். அதன் நடுவைப் பார்த்தவனின் அம்பு இலக்கைத் தொடாமலே போய்விடும்.

ஆகையால் தூரத்தை வெல்ல விரும்புகிறவன் முதலில் அருகில் தன்னைத் திருத்திக்கொள்ளவேண்டும். நாணை இழுத்த கை ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தில், தாடையின் அடியிலோ வாயோரத்திலோ, வந்து தங்கவேண்டும். ஒரு விரலளவு குறைத்து இழுத்தால் வேகம் குறையும். அருகில் அது தெரியாது. அம்புகளும் எடையிலும் விறைப்பிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், ஏனெனில் நாணிலிருந்து விடுபடும் அம்பு வில்தண்டைச் சுற்றி வளைந்து நெளிந்தே புறப்படுகிறது; ஒவ்வொன்றும் ஒவ்வொருவிதமாய் வளைந்தால் ஒவ்வொரு பக்கம் போகும். விரல்கள் நாணைப் பறிக்காமல் நழுவவிடவேண்டும். இவ்வளவையும் பத்துப் பதினைந்து மீட்டரில் பழகி, அம்புகள் ஒரே இடத்தில் சேர்ந்து தைக்கத் தொடங்கியபின்னரே சில அடி பின்னே நகரவேண்டும். சிதறினால் மீண்டும் முன்னே வரவேண்டும். கௌரவம் பார்க்கிறவனுக்கு இந்தக் கடைசிப் பாடம் வராது.

நம் ஊர்த் தறிக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஊடையை அடிக்கும் கை ஒருவேளை இறுகியும் ஒருவேளை தளர்ந்தும் இருந்தால், நெய்யும்போது ஒரு சாண் அளவில் எதுவும் தெரிவதில்லை. புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கும்போது பட்டை பட்டையாய்த் தெரிந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் தன் உடம்பில் அனுபவித்த ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்து சராதீத் என்னும் மலையூரில் 1972-இல் பிறந்தவர் லிம்பா ராம். மூங்கில் வில்லால் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடி வளர்ந்தவர். 1987-இல், பழங்குடி ஊர்களில் வில்லாளிகளைத் தேடி அரசு நடத்திய தேர்வில் தெரிந்தெடுக்கப்பட்டார். டில்லியில் அவர் கையில் குறிகாட்டியும் எடைத்தண்டுகளும் பொருத்திய புதுவகை வில்லைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 16 வயதில், சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். அதன்பின் 1992, 1996 ஒலிம்பிக்குகளிலும் நின்றார். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன.

அவருடைய சாதனைகளில் என்னை நிறுத்தியது ஒன்று. அக்காலத்துச் சர்வதேசப் போட்டியில் ஆண்கள் 90, 70, 50, 30 மீட்டர் என நான்கு தூரங்களில், ஒவ்வொன்றிலும் 36 அம்புகள் எய்யவேண்டும். 1992-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில் லிம்பா ராம் 360-க்கு 357 புள்ளிகள் பெற்று அன்றைய உலகச் சாதனையைச் சமன்செய்தார். அது 30 மீட்டரில். நான்கில் மிகக் கிட்டத்துத் தூரம் அது. வேட்டைக்காரனின் தூரத்துக்கு மிக நெருங்கியதும் அதுவே. 36 அம்புகளில் இழந்தவை மூன்றே புள்ளிகள். இதைச் சிறியதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி என் குறைக்கு வருகிறேன். குறி தவறுகிறவன் இலக்கை விட்டுக் கண்ணை எடுத்தவன் என்றே நான் பிரசங்கித்து வந்தேன். இலக்கைப் பாருங்கள், பாருங்கள் என்று உங்களை ஏவினேன். எட்டத்து இலக்கைத் தவறவிடும் வில்லாளியோ பெரும்பாலும் இலக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிசகு அவன் விரல்நுனியில் இருக்கிறது. வீட்டுக்குள் பேசும் ஒரு கடுஞ்சொல், கூலி கொடுக்கும்போது குறைக்கும் ஒரு சிறு தொகை இவை போன்றவற்றில் அது கிட்டத்தில் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஜெபத்தில் கண்ணீரோடு நின்றும் ஏன் விழுகிறேன் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்ன விடை போதுமானதாக இருக்கவில்லை. அவர்கள் கண்ணைக் குற்றஞ்சாட்டினேன், கையைப் பார்க்கவில்லை.

யோனத்தானுடைய கை பழகிய கை. சவுலின் கோபத்துக்குத் தப்பி வயலில் ஒளிந்திருந்த தாவீதுக்கு அம்பினாலே செய்தி சொல்வதாக அவன் ஒப்புக்கொண்டிருந்தான். அம்புகள் பையனுக்கு இப்புறம் விழுந்தால் சமாதானம். அப்புறம் விழுந்தால் ஓடிப்போகவேண்டும். அம்பைப் பொறுக்கப் பையன் முன்னே ஓடுகிறான். யோனத்தான் அவனுக்கு அப்பால் விழும்படி எய்கிறான். ஓடும் பிள்ளைக்கும் காயமில்லை, ஒளிந்திருக்கும் சிநேகிதனுக்குச் செய்தியும் தப்பவில்லை. பிற்காலத்தில் கில்போவா மலையில் சவுல் வில்லாளிகளால் காயப்பட்டதும், யோனத்தான் அதே போரில் விழுந்ததும், தாவீது அவர்களுக்காகப் புலம்பியதும் நீங்கள் அறிந்தவையே. அன்று வயலிலோ பையன் அம்பைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தான். யோனத்தான் தன் ஆயுதங்களையும் அவனிடம் கொடுத்து அனுப்பினான். அவற்றைச் சுமந்துகொண்டு பட்டணத்துக்கு நடந்த அந்தப் பிள்ளைக்கு, தன்னைக் கடந்துபோன அம்பு எதற்காக எய்யப்பட்டது என்பது தெரியாது.