சோழவரம் ஓடுதளமும் ஒரு மாருதி எஞ்சினும்

பாலக்கரையில ஒரு மெக்கானிக் ஷெட். பழைய மாருதி 800 வைத்திருந்த ஒரு பையன், "அண்ணே, ஏர் ஃபில்டர மட்டும் மாத்தினா பவர் ஏறுமா?" என்று கேட்டான். "மூக்க மட்டும் பெருசாக்கினா போதுமா தம்பி? நுரையீரலும் வேணும்ல" என்றார் அவர். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு தேடப்போய், சோழவரத்தில் வந்து நின்றேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அந்த எஞ்சின் 796 சிசி. நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் 3000 தடவை காற்றை இழுக்கும். முழுசா நிரம்பினால் மொத்தம் சுமார் 2400 லிட்டர் காற்று. அதோடு சேர்ந்து எரிய வேண்டிய பெட்ரோலோ ஏறக்குறைய 200 கிராம்தான். பெட்ரோல் ஊட்டுவது சுலபம். காற்றை ஊட்டுவதுதான் பாடு.

சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுக் கார் இறக்குமதி கடினமான காலம். அதனால் ஃபியட், அம்பாசடர், ஹெரால்ட் என்று வீட்டுக் கார்களே பந்தயக் குதிரை ஆயின. சிலிண்டர் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனைக் கூட்டுவது, போர்ட்டை இழைப்பது, கேம்ஷாஃப்டை மாற்றுவது, கார்புரேட்டரைப் பெரிதாக்குவது, சைலன்சர் வழியைத் திறந்துவிடுவது, எல்லாமே காற்று தடையில்லாமல் வந்துபோகவும், வந்த காற்றை நன்றாக எரிக்கவும்தான்.

ஆனா ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். பந்தயக் கேம்ஷாஃப்ட் மேல் சுற்றில் பறக்கும், டவுன் டிராஃபிக்கில் திணறும். கம்ப்ரஷன் அளவு மீறினால், சுமார் ரக பெட்ரோலில் 'நாக்' அடித்து பிஸ்டனே ஓட்டையாகும். பார்ட்ஸ் வாங்கப் பணம் உள்ளவர் கைதான் ஓங்கும்.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் கரிவர்தன் முக்கியமாகிறார். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். 1980-களின் கடைசியில் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி, அதே 800 எஞ்சினை எடை குறைந்த ஒற்றை இருக்கைக் காரில் வைத்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். இனி ஜெயிக்க பர்ஸ் போதாது, கை வேண்டும். 1995-இல் விமான விபத்தில் கரி இறந்தார். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்தான்.

பாலக்கரை அண்ணன் கடைசியில் எந்தப் பார்ட்டும் மாற்றவில்லை. கார்புரேட்டரைக் கழுவி, வால்வு இடைவெளியைச் சரிபண்ணி, டயருக்குக் காற்று அடித்தார். வண்டி நல்லாவே இழுத்துச்சு.