வாரத்தின் முதல் நாள் எது?

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு வாரம் திங்களில் தொடங்கியது. கீரப்பாளையம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஞாயிறில். இந்த வழக்கு கணினியிலும் தீரவில்லை. ஜாவா மொழியில் தேதி கணிக்கும் பழைய நிரலில் ஞாயிறு 1. 2014-இல் வந்த புதியதில் திங்கள் 1. பழைய 2-ஐப் புதியதில் அப்படியே போட்டால் திங்கள் செவ்வாயாகிவிடும்.

நம் பஞ்சாங்கக்காரர்கள் இந்தத் தகராறுக்கு இடம் வைக்கவில்லை. கலியுகத் தொடக்கம் வெள்ளி. அன்று முதல் கழிந்த நாட்களை ஏழால் வகுத்து, மிச்சம் 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி. சோழிகளை வைத்தே கிரகணம் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி ஜான் வாரன், 1825-இல் சென்னையில் அச்சான 'காலசங்கலித' நூலில் எழுதியிருக்கிறார்.

யூனிக்ஸ் கணினியும் 1970 ஜனவரி 1, வியாழன் முதல் எண்ணுகிறது. கிழமைக்கு அங்கேயும் ஏழால்தான் வகுக்க வேண்டும். எந்த நாளில் தொடங்கினாலும் சரி, தொடக்கத்தைச் சொல்லிவிட்டால் கணக்கு பிசகாது.