ஆணாக இருக்க வேண்டும்

விமானி ஆகத் துடிக்கும் பிள்ளைகளுக்கு நேவிகேஷன் பாடம் எடுக்கிறேன். ‘சி.பி.எல். வாங்க என்னென்ன வேணும் மேடம்?’ என்று முதல் நாளே கேட்டுவிடுவார்கள். வணிக விமானி உரிமத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பலகையில் எழுதிப்போடுவேன். வயது 18. முதல் வகுப்பு மருத்துவச் சான்று. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் தன் கையில் இருந்திருக்க வேண்டும். 300 கடல்மைலுக்குக் குறையாத ஒரு பயணம், நடுவே வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறி. இவற்றோடு, இன்று பட்டியலில் இல்லாத ஒரு தகுதியையும் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்குள் போவேன்.

1919 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி அமைந்த பன்னாட்டு ஆணையம்தான் அந்தக் காலத்தில் விமானிகளுக்கு விதி வகுத்தது. சொந்தமாகப் பறக்க ‘ஏ’ உரிமம், சம்பளத்துக்குப் பறக்க ‘பி’ உரிமம். 1924-இல் அந்த ஆணையம் பெண்களுக்கு ‘பி’ கிடையாது என்று தீர்மானித்தது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணை நம்பிப் பயணிகளை ஒப்படைக்க முடியாதாம். கை கால் நலமாக இருக்க வேண்டும், குடலிறக்கம் இருக்கக் கூடாது என்பவற்றோடு ஆணாகவும் இருக்க வேண்டும்!

அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்த சோஃபி எலியட்-லின் இதை ஏற்கவில்லை. பின்னாளில் லேடி ஹீத் என்று உலகம் அறிந்தவர். உயரம் தாண்டுதலிலும் ஈட்டி எறிதலிலும் பேர் வாங்கிய விளையாட்டு வீராங்கனை. 1925-இல் ‘ஏ’ உரிமம் பெற்றிருந்தார். மாதத்தின் எல்லா நாட்களிலும் பறந்து காட்டுகிறேன், சோதித்துக்கொள்ளுங்கள் என்று தன் உடம்பையே சான்றாக முன்வைத்தார். பேசக் கூசிய ஒன்றை அதிகாரிகள் முன் வெளிப்படையாகப் பேசினாரே, அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். 1926-இல் தடை விலகியது. அதே ஆண்டு அவர் ‘பி’ உரிமம் வாங்கினார். 1928-இல் கேப் டவுனிலிருந்து லண்டனுக்குத் தனியாக விமானம் ஓட்டி வந்தார்.

பிரிவினைக்கு முந்தைய நம் நாட்டில், 1936-இல் லாகூரில் சேலை உடுத்தி ஜிப்ஸி மோத் விமானம் ஓட்டிய சரளா தக்ரால் ‘ஏ’ உரிமம் பெற்றார். ‘பி’ உரிமத்துக்குத் தயாராகும்போது இரண்டாம் உலகப் போர் வந்தது, பொதுமக்களுக்கான பயிற்சி நின்றது. 1939-இல் விமானியான கணவரையும் விபத்தில் இழந்தார். ஓவியம் படிக்கப் போய்விட்டார்.

வணிக உரிமம் வாங்கிய முதல் இந்தியப் பெண் பிரேம் மாத்தூர். அலகாபாத் பறத்தல் மன்றத்தில் பயின்றவர். தாளில் எல்லாத் தகுதியும் இருந்தும் எட்டு நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் எடுத்துக்கொண்டது, துணை விமானியாக. 1949 தேசிய விமானப் பந்தயத்தில் வென்றவரும் இவர்தான். ஆனாலும் விமானத்தின் முழுப் பொறுப்பைத் தாருங்கள் என்று அவர் கேட்டதற்கு அந்த நிறுவனம் கடைசிவரை இசையவில்லை. அவர் அங்கிருந்து விலகி டெல்லிக்குப் போனார். 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார்.