மேவரிக் யாருடைய மாடு?



ஹூஸ்டனில் வேலை பார்க்கும் நம் பள்ளிப் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "சார், டாப் கன் படத்தில் டாம் குரூஸுக்கு மேவரிக் என்று பெயர். இங்கே ஆபீஸிலும் யாருக்கும் அடங்காமல் தன் போக்கில் போகிறவனை மேவரிக் என்கிறார்கள். இது எங்கிருந்து வந்த சொல்?"

இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்து இழுத்தால் பெரிய வரலாறு ஒன்று பின்னாலேயே வருகிறது. கௌபாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இடுப்பில் துப்பாக்கி, வாயில் சுருட்டு, வெள்ளைக்கார முகம். ஜெய்சங்கர் காலத்துத் தமிழ்ப் படங்கள்கூட அந்த வேஷத்தைத்தான் எடுத்துக்கொண்டன. அந்த வேலையை உண்மையில் செய்தவர்கள் யார் என்று எந்தப் படமும் நமக்குச் சொல்லவில்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வரைபடத்தைத் திறங்கள் (பழைய பழக்கம், விட முடியவில்லை). டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கு முனையில் இரண்டு ஆறுகள் தெரியும். வடக்கே நியூசஸ், தெற்கே ரியோ கிராண்டே. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வறண்ட பூமிக்குக் காட்டுக்குதிரைப் பாலைவனம் என்று அந்தக் காலத்தில் பெயர். சகாரா மாதிரி வெறும் மணல் என்று நினைக்க வேண்டாம். புல்வெளி, மணல்மேடு, முள்காடு எல்லாம் கலந்த நிலம். தண்ணீர்தான் இல்லை. அங்கே அடர்ந்து கிடக்கும் மெஸ்கீட் மரம் யார் தெரியுமா? நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே முள், அதே இனிப்புக் காய். மாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டு, போன இடமெல்லாம் பரப்பிவிடும் அதே சங்கதி. சப்பாத்திக்கள்ளியும் அங்கே ஏராளம். வறட்சிக் காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்கு அதையே தீவனமாகப் போடுவார்கள்.

அமெரிக்கக் கண்டத்தில் மாடே கிடையாது. 1493-இல் கொலம்பஸ் இரண்டாம் முறை போனபோதுதான் கப்பலில் மாடுகள் ஏறின. 1521 வாக்கில் மெக்சிகோவுக்கு வந்தன. பிறகு ஸ்பானியப் பாதிரிமார்களோடும் குடியேறிகளோடும் வடக்கே நடந்து டெக்சாஸ் சேர்ந்தன. வேலி இல்லாத நாடு. கொஞ்சம் தப்பிப் போயின, கொஞ்சம் கைவிடப்பட்டன. நூறு, நூற்றைம்பது வருடத்தில் அவை முழுக் காட்டு விலங்காகிவிட்டன. நீண்ட கொம்பு, ஒட்டிய வயிறு, மான் போன்ற கால். இவைதான் பின்னால் லாங்ஹார்ன் என்று பெயர் பெற்றவை.

காட்டில் திரியும் மாடு யாருக்குச் சொந்தம்? 1778-இல் அந்தப் பகுதியின் ஸ்பானியத் தலைமைத் தளபதி தியோடோரோ தெ குரோயிக்ஸ் ஓர் ஆணை போட்டார். சூட்டுக்குறி இல்லாத மாடும் குதிரையும் மன்னருக்கே சொந்தம். பிடிக்க வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு என்று வரி கட்டு. அதுவரை ஊரார் தாங்களாகப் பிடித்துவந்த மாட்டுக்கு ஒரே இரவில் வரி வந்துவிட்டது. அப்படி உரிமையாளர் இல்லாத விலங்குக்கு ஸ்பானிய மொழியில் மெஸ்தேன்யோ என்று பெயர். ஆங்கிலத்தில் மஸ்டாங் ஆனது அதுதான்.

இப்போது மேவரிக். சாமுவேல் மேவரிக் என்பவர் சான் அன்டோனியோ நகரத்து வக்கீல். 1836-இல் டெக்சாஸ் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். 1845 வாக்கில், வரவேண்டிய 1200 டாலர் கடனுக்குப் பதிலாக ஒருவர் இவருக்கு 400 மாடுகளைக் கொடுத்தார். வக்கீலுக்கு மாட்டில் நாட்டமில்லை. கடலோரத் தீபகற்பம் ஒன்றில் அடிமைக் குடும்பம் ஒன்றின் பொறுப்பில் விட்டுவிட்டார். கன்றுகளுக்குச் சரியாகச் சூட்டுக்குறி போடவில்லை. சுற்றுவட்டாரத்தில் குறியில்லாத மாட்டைப் பார்த்தவர்கள் "இது மேவரிக்குடையது" என்றார்கள். சொல்லிக்கொண்டே தங்கள் குறியைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு! 1856-இல் அவர் மந்தையையே விற்றுவிட்டார். பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆக, அடங்காதவன் என்பது பிற்காலப் பொருள். முதல் பொருள், இன்னும் யாரும் சூடு போடாத மாடு.

சரி, இந்த மாட்டைப் பிடிப்பது எப்படி? எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிடித்தவர்கள் மெக்சிகோ வழிவந்த மாட்டுக்காரர்கள். வக்கா என்றால் ஸ்பானிய மொழியில் பசு. அதிலிருந்து வக்கேரோ. கௌபாய் கையில் வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்தவர்கள் இவர்கள்தான். லாசோ அவர்கள் சொல். லா ரியாட்டா என்ற தோல் கயிறு லேரியட் ஆனது. ரோடியோவும் அவர்கள் சொல்லே. வளைத்துச் சேர்ப்பது என்று பொருள். வக்கேரோ என்ற சொல்லையே சரியாகச் சொல்ல வராமல் பக்கரூ ஆக்கினார்கள்.

காட்டு மாடு பகலில் முள்காட்டுக்குள் படுத்துக் கிடக்கும். இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கும் புல்லுக்கும் வெளியே வரும். காற்றில் மனித வாடை பட்டால் போதும், மறைந்துவிடும். ஆகவே நிலாவெளிச்சத்திலோ விடியற்காலையிலோதான் வேட்டை. குதிரை முள்ளுக்குள் பாயும்போது வக்கேரோ அதன் கழுத்தோடு கழுத்தாக ஒட்டிப் படுத்துக்கொள்வான். கால்களுக்குத் தோல் உறை, கால்மிதிக்கும் தோல் மூடி, உடம்பில் இறுக்கமான குட்டைச் சட்டை. படத்தில் காட்டுவது போலத் தலைக்கு மேல் கயிற்றைச் சுழற்றி வீச அங்கே இடம் கிடையாது. சின்னச் சுருக்காகப் பக்கவாட்டில் வீச வேண்டும். கிளைகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு இமைப்பொழுதுதான் வாய்ப்பு.

பிடித்தால் மட்டும் போதுமா? 400 கிலோ காட்டுக் காளையை வீட்டுக்குக் கூட்டி வருவது எப்படி? கீழே தள்ளி, கால்களைக் கட்டி, கொம்பு நுனியை அறுத்து, ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஓரிரு நாள் தண்ணீரில்லாமல் நின்று வேகம் அடங்கும். பிறகு பழகிய எருது ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டையும் கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்து அவிழ்த்து விடுவார்கள். எருதுக்குத் தெரியும், தொழுவத்துக்குப் போனால் மக்காச்சோளம் கிடைக்கும் என்று. காட்டு மாடு இழுக்கும், முரண்டும், படுத்துக்கொள்ளும். எருது விடாது. சில நாள் கழித்து இரண்டும் பண்ணை வாசலில் வந்து நிற்கும். நம் முதுமலைக் கும்கி யானைகள் கதைதான்! புது மாட்டைப் பழகிய மாட்டோடு சேர்த்து ஏரில் பூட்டும் வழக்கம் நம் தாத்தாமார்களுக்கும் உண்டல்லவா?

இன்னொரு முறை, பழகிய மாட்டு மந்தையை மெதுவாகக் காட்டோரம் நடத்திப் போவது. வக்கேரோக்கள் தணிந்த குரலில் பாடிக்கொண்டே சுற்றி வருவார்கள். உள்ளேயிருந்து காட்டு மாடுகள் மோப்பம் பிடித்து வந்து கலக்கும். கலந்ததும் வளையம் இறுகும். தண்ணீர் குறைந்த பகுதிகளில் வேறு தந்திரம். குட்டையைச் சுற்றி உயரமான வேலி போட்டு, உள்ளே போகலாம், வெளியே வர முடியாது என்ற விதத்தில் வாசல் அமைப்பது. தாகம் மாட்டைத் தானே கொண்டுவந்து சேர்த்துவிடும். இரக்கமில்லாத முறைகளும் இருந்தன. கண்ணிமைகளைத் தைத்துவிட்டு ஓட்டிவந்தவர்கள் உண்டு என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இந்த நிலத்துக்குத்தான் ரிச்சர்ட் கிங் வந்தார். 1824-இல் நியூயார்க்கில் ஏழை ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாகவே கப்பலில் ஒளிந்து ஓடிவந்து, ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு மாலுமியாக உயர்ந்தவர். 1853-இல் சாந்தா கெர்த்ரூடிஸ் ஓடைக்கரையில் 15,500 ஏக்கர் வாங்கினார். விலை 300 டாலர். கணக்கு மாணவர்கள் வகுத்துப் பாருங்கள், ஏக்கர் இரண்டு சென்டுக்கும் குறைவு! அந்தப் பக்கம் மெக்சிகோ நாடாக இருந்து 1848 ஒப்பந்தத்தில்தான் அமெரிக்காவுக்குக் கைமாறியிருந்தது. பழைய பட்டாக்காரர்கள் பலர் கோர்ட்டுக்கும் துப்பாக்கிக்கும் பயந்து வந்த விலைக்கு விற்ற காலம்.

நிலம் இருக்கிறது, மாடு மேய்க்கத் தெரியாது. 1854 வாக்கில் கிங் எல்லை தாண்டி குருயாஸ் என்ற மெக்சிகோ கிராமத்துக்குப் போனார். கடும் வறட்சி. ஊர் மாட்டை முழுக்க வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியில் யோசித்துத் திரும்பிப் போய், "நீங்களும் வாருங்கள், வீடும் சோறும் கூலியும் தருகிறேன்" என்றாராம். சுமார் 100 பேர், கிழவர் குழந்தை கோழி சட்டிபானையோடு, பாலைவனத்தில் நடந்து வந்தார்கள். அவர்களும் அவர்கள் வம்சமும் கினேன்யோ, அதாவது கிங்கின் ஆட்கள், என்று அழைக்கப்பட்டார்கள்.

இந்தக் கதையைப் பண்ணைக்காரர்கள் கேப்டனின் கருணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி முழுதாக ஏற்க மனம் வரவில்லை. மாட்டை விற்ற பிறகு அந்த ஊராரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, மாட்டைப் பற்றிய அறிவு. அது பல தலைமுறைச் சொத்து. கூலி என்ற விலைக்கு அதுவும் கைமாறியது. பட்டினியிலிருந்து அவர்கள் தப்பித்தார்கள் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. 1885-இல் கிங் இறந்தபோது பண்ணை ஐந்து லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. கினேன்யோக்கள் குடியிருந்த வீடு பண்ணையுடையது. பண்ணை மாட்டுக்கு வளைந்த டபிள்யூ எழுத்துச் சூட்டுக்குறி உண்டு. அதற்குக் கினேன்யோக்கள் வைத்த பெயர் குட்டிப் பாம்பு!

1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர். ஆண்கள் போருக்குப் போக, மாடுகள் கவனிப்பாரின்றிப் பெருகின. போர் முடிந்தபோது டெக்சாஸில் சுமார் 50 லட்சம் மாடுகள் இருந்தன என்பது மதிப்பீடு. அங்கே ஒரு மாடு மூன்று, நான்கு டாலர். வடக்கே நகரங்களில் அதே மாடு முப்பது, நாற்பது டாலர். நடுவில் ரயில் இல்லை. ஆகவே நடத்தியே கொண்டுபோனார்கள். 1867-இல் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் ரயில் நிலையத்தில் ஜோசப் மெக்காய் மாட்டுப்பட்டி கட்டினார். முதல் வருடமே 35,000 மாடுகள் வந்து சேர்ந்தன. ஒரு மந்தையில் இரண்டாயிரம் மூவாயிரம் மாடு, ஓட்டுவதற்கு ஒரு டஜன் ஆள். ஓட்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். மெக்சிகோக்காரர்களும் ஏராளம்.

சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவ்விங் இருவரும் 1866-இல் மேற்கே வேறு வழி பிடித்தார்கள். பீக்கோஸ் ஆற்றை அடையும் முன் 80, 90 மைலுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இராப்பகலாக ஓட்டினார்கள். ஆற்று வாடை மூக்கில் பட்டதும் மந்தை வெறிகொண்டு பாய்ந்தது. நூற்றுக்கணக்கான மாடுகள் தாகத்திலும் ஆற்றிலும் செத்தன. மிஞ்சியதை எங்கே விற்றார்கள் என்று கேளுங்கள். நியூ மெக்சிகோவில் சம்னர் கோட்டையில். அங்கே சொந்த நிலத்திலிருந்து விரட்டி அடைக்கப்பட்ட நவஹோ பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு உணவு போட அரசு மாடு வாங்கியது. வியாபாரிகளுக்கு நல்ல லாபம்.

1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். பத்து வருடத்தில் திறந்த மேய்ச்சல் நிலம் முடிந்துவிட்டது. வேலியை வெட்டியவர்களுக்கும் போட்டவர்களுக்கும் சண்டை மூண்டு, 1884-இல் வேலி வெட்டுவதே பெருங்குற்றம் என்று சட்டம் வந்தது. மேவரிக்குக்கு இடமில்லாமல் போயிற்று.

பண்ணைக்காரர்கள் கொழுத்த ஐரோப்பிய மாடுகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு வெயில் தாங்கவில்லை. உண்ணி வேறு. டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணிதான் என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவினார்கள். வெயிலும் உண்ணியும் தாங்கும் மாடு எங்கே? நம் நாட்டில்! குஜராத்தின் கிர், காங்கிரேஜ், அன்று நம் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாடு, கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு ஆகியவற்றின் கலப்பில்தான் அமெரிக்கப் பிராமன் இனம் உருவானது. கிங் பண்ணையில் பிராமனையும் ஷார்ட்ஹார்னையும் கலந்து சாந்தா கெர்த்ரூடிஸ் என்ற புது இனத்தை உண்டாக்கினார்கள். 1920-இல் பிறந்த மங்கி என்ற காளைதான் அதற்கு மூலத் தகப்பன். 1940-இல் அமெரிக்க அரசு அதைத் தனி இனமாக அங்கீகரித்தது. அந்த மாட்டின் எட்டில் மூன்று பங்கு ரத்தம் இந்தியத் திமில் மாட்டுடையது.

இதற்குள் லாங்ஹார்ன் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 3000 டாலர் ஒதுக்கியது. வனத்துறையினர் டெக்சாஸ் முழுக்க ஆயிரக்கணக்கான மைல் அலைந்து தேடினார்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் திரிந்த மாட்டில், கலப்பில்லாதது என்று தேறியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றை ஓக்லஹோமாவின் விச்சிடா மலைச் சரணாலயத்தில் விட்டு வளர்த்தார்கள்.

அதே 1927-இல் கிங் பண்ணையில் ஒரு கினேன்யோ குடும்பத்தில் லாரோ கவாசோஸ் என்ற குழந்தை பிறந்தது. அப்பா பண்ணையில் வக்கேரோக்களுக்கு மேஸ்திரி. பண்ணை ஆட்களின் பிள்ளைகளுக்கென்று இரண்டு அறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அது போதாது என்று அந்த அப்பா பிள்ளைகளை டவுனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்க்கப் போராடிச் சேர்த்தார். லாரோ 1988-இல் அமெரிக்காவின் கல்வி அமைச்சர் ஆனார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம் பெற்ற முதல் ஹிஸ்பானிக் அவர்தான். தம்பி ரிச்சர்ட் ராணுவத்தில் சேர்ந்து 1982-இல் நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனார்.

டெக்சாஸில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கார்ப்பஸ் கிறிஸ்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிங்ஸ்வில் என்ற ஊர். அங்கே கிங் பண்ணை அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கயிறுகளையும் சேணங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.